ஆற்றைப் பார்க்க மேலே ஏற வேண்டிய ஊர்

நவம்பர் 13: பவானி, கல்லணை, கும்பகோணம்

அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. ஐப்பசியின் கடைசி நாளான கடைமுகத்தன்று, மாயவரம் என்கிற மயிலாடுதுறையில், காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும். எங்கள் வீடு பவானியில், கூடுதுறைக்கு நடந்து போகிற தூரம். "இங்க ஓடுற தண்ணிதானம்மா அங்கயும் போகுது" என்றேன். "அது போய்ச் சேர்ற எடத்த ஒருக்காப் பாக்கோணும்" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. பழைய காரில் விடியற்காலையில் கிளம்பிவிட்டோம்.

கல்லணையில் அம்மா வெகுநேரம் நின்றார். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நான்கும் பிரிகிற இடம். உள்ளூரில் பெருமழை என்றால் காவிரியிலும் வெண்ணாற்றிலும் விடும் தண்ணீரைக் குறைத்து, மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள் என்று வெள்ளரிப் பிஞ்சு விற்ற பெரியவர் சொன்னார். கொள்ளிடம்தான் வெள்ளத்தைக் கொள்கிற இடம். பத்து பிஞ்சு இருபது ரூபாய், மிளகாய்த்தூள் தாராளம்.

திருவையாறில் அசோகா வாங்கிக்கொண்டோம். வாழை இலையில் சுடச்சுட வைத்துக் கொடுத்தார்கள், நெய் விரலில் வழிந்தது. வெயிலே இல்லாமல் அப்படி ஒரு புழுக்கம். மேற்கே வானம் கருநீலமாகத் திரண்டிருந்தது.

கணபதி அக்ரஹாரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காற்று சட்டென்று நின்றது. அடுத்த நிமிடம் புழுதியோடு குளிர்காற்று. சாலையோர டீக்கடை ஒன்றில் நிறுத்தினேன். தகரக் கொட்டகை. டீ மாஸ்டர் எங்களுக்கு டீ போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "அண்ணே, இங்க வேணாம். அம்மாவ அழைச்சிக்கிட்டு அந்த சொசைட்டி கட்டடத்துக்குள்ள போயிடுங்க" என்றார். சொல்லிவிட்டு வரப்புக்கு ஓடி, களை பறித்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பெண்களையும் சத்தம் போட்டு வரவைத்தார். புளியமரத்தடியில் வண்டியோடு ஒதுங்கி நின்ற இரண்டு பையன்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அந்தப் பெண்கள் கையில் இருந்த களைக்கொட்டையும் மண்வெட்டியையும் வரப்பிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதாக இல்லை.

உள்ளே முப்பது பேர் இருந்திருப்போம். மின்னல் வெட்டியதும் ஒரு பாட்டி எண்ண ஆரம்பித்தார். ஒன்பது எண்ணும்போது இடி. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு, ஆக மூன்று கிலோமீட்டர். அடுத்த மின்னலுக்கு நான்கு எண்ணுவதற்குள் இடி. அதற்கடுத்தது எண்ணவே விடவில்லை. ஜன்னல் முழுக்க வெள்ளை, கூடவே காதைப் பிளக்கும் ஓசை. அம்மா "அர்ஜுனா, அர்ஜுனா" என்றார். அந்தப் பெண்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பவானிக்கும் தஞ்சாவூருக்கும் பேச்சு எவ்வளவோ வேறு, இடிக்கு மட்டும் ஒரே சொல்.

மழை குறைந்ததும் நான் எழுந்தேன். டீ மாஸ்டர் விடவில்லை. "கடைசி இடி கேட்டு அரை மணி ஆவட்டும்ணே. மழை விட்டுச்சின்னு வெளில வர்றப்பதான் அடிக்கும்" என்றார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது இருநூறு அடி தள்ளி ஒரு தென்னையின் குருத்துப் புகைந்துகொண்டிருந்தது. ஈரமான மரம், உச்சியில் மட்டும் நெருப்பு. அப்புறம்தான் டீ போட்டார். பன்னிரண்டு ரூபாய். அந்தப் பையன்களிடம் காசு வாங்கவில்லை.

நவம்பர் 14: கும்பகோணம், மயிலாடுதுறை

ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி மழை. இந்த முறை இடி அதிகமில்லை. விடியும் வரை ஒரே சீராகக் கொட்டியது.

காலையில் இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, சோம்பு வாசத்தோடு வெள்ளையாக ஒரு குழம்பு. அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கினார். டிகிரி காபி முப்பது ரூபாய். பரிமாறியவர் அறுபது வயதுக்காரர். நேற்றைய இடியைப் பற்றிச் சொன்னேன். "அது மேலண்டைலேருந்து வந்த மழை சார். சாயங்காலம் வரும், மிரட்டும், போயிடும். ராத்திரி பெஞ்சிச்சே, அது கடல்லேருந்து வர்றது. ராத்திரி பிடிச்சா விடியக்காலம் வரைக்கும் விடாது. பருவமழை பிடிச்சிக்கிச்சின்னு அர்த்தம்" என்றார். தாழ்வாரத்துத் தூணில் முன்பு தண்ணீர் ஏறியதற்கு ஒரு அடையாளம் இருந்தது. 2008 நிஷா புயல் மழை என்றார். அந்த நவம்பரில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கம் ஒரு வருஷத்துக்கே ஏறக்குறைய அவ்வளவுதான் பெய்யும்.

டிவியில் மயிலாடுதுறை, நாகை, திருவாரூருக்கு ஆரஞ்சு எச்சரிக்கை. மிகக் கனமழை, அதாவது ஒரு நாளில் சுமார் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை. அதற்கு மேலே போனால் அதி கனமழை. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்துவிட்டார்.

மயிலாடுதுறையில் திருவிழாக் கூட்டம். வழக்கமாக ஆயிரத்து இருநூறு ரூபாய் அறை இரண்டாயிரத்து நானூறு. ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாது. போர்வை நனைந்தது.

நவம்பர் 15: துலாக்கட்டம்

"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்பார்கள். மழையிலும் சனம் அப்படித்தான் வந்திருந்தது. குடையும் பிளாஸ்டிக் சாக்குமாகப் படித்துறை நிறைந்துவிட்டது. தண்ணீர் செங்காவி நிறம். வேகமும் இருந்தது, ஒரு வாழைமட்டை கண் எதிரே சர்ரென்று போய் மறைந்தது.

தீயணைப்புத் துறை இளைஞர் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், யாரையும் மூன்றாவது படிக்குக் கீழே விடாமல் நின்றிருந்தார். அம்மா அவரிடம், "சாமி, நானு காவிரிக் கரையிலயே பொறந்தவ, எனக்கு நீச்சல் தெரியும்" என்றார். "தெரியும்மா. படி பாசி புடிச்சிருக்கு, கீழ இழுப்பு இருக்கு. நீச்சல் தெரிஞ்சவங்கதான் ரெண்டு அடி கூடப் போவாங்க" என்றார் அவர். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மூன்றாவது படியில் உட்கார்ந்து, கொண்டுவந்த பித்தளைச் சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். மூன்று சொம்பு. நாலாவதை அந்த இளைஞருக்காக ஊற்றிக்கொண்டதாக அறைக்கு வந்த பிறகு சொன்னார்.

மாயூரநாதர் கோயில் பிராகாரத்தில் கணுக்கால் தண்ணீர். ஈரப் புடவையோடு சுற்றினோம்.

நவம்பர் 16: பூந்தோட்டம் தாண்டி

இந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அம்மாவின் பள்ளித் தோழி ஒருவர் திருவாரூரில் இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம். காலை பத்து மணிக்கு மழை லேசாக விட்டது, கிளம்பினோம். பேரளம், பூந்தோட்டம் வரை சாலையில் குறை இல்லை. அதன் பிறகு பெரிய சாலையில் மரம் விழுந்து வண்டிகள் வரிசையில் நின்றன. கைப்பேசி வரைபடம் வயல்களுக்கு நடுவே ஒரு சின்னச் சாலையைக் காட்டியது. நான்கு கிலோமீட்டர்தான். திரும்பினேன்.

அந்தச் சாலையில்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எங்கள் ஊரில் ஆற்றைப் பார்க்கப் பள்ளத்தில் இறங்க வேண்டும். இங்கே ஆறு வலது பக்கம் மண்கரைக்குள், எங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கக் கரை மேல் ஏற வேண்டும். இடது பக்கம் வயல், அதைவிடத் தாழ்வு. நாற்பது நாள் சம்பா, முனை கூட வெளியே தெரியவில்லை. ஒரே வெள்ளைத் தண்ணீர், அதில் நட்டு வைத்தது போல மின்கம்பங்கள். மேட்டூரில் லட்சம் கன அடி திறந்தாலும் பவானிக்கு முன்கூட்டியே தகவல் வரும், ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள், ஆற்றோரத்து ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போவார்கள். இங்கே யாரும் எதையும் திறக்கவில்லை. தலைக்கு மேல் பெய்த மழை அப்படியே நின்றுவிட்டது.

ஒரு திருப்பத்தில் சாலையின் மேல் தண்ணீர். முப்பது நாற்பது அடி நீளம். அந்தப் பக்கம் தார் தெரிந்தது. ஓரத்துக் கல் பாதிதான் மூழ்கியிருந்தது, முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும் என்று கணித்தேன். இடமிருந்து வலமாக லேசாக நகர்ந்துகொண்டிருந்தது. முதல் கியரில் நிறுத்தாமல் போனால் போய்விடலாம் என்று நினைத்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நான் மட்டும் அப்படி நினைப்பவன் இல்லை.

ஒரு கையில் ஆட்டுக்குட்டியும் மறு கையில் மூங்கில் கழியுமாக ஒரு பெண் எதிர்ப்பக்க மேட்டிலிருந்து கத்தினார். கண்ணாடியை இறக்கினேன். "தம்பி, வராதீங்க! மதகு போயிடுச்சி!"

ஆட்டுக்குட்டியை மேட்டில் விட்டுவிட்டு, வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். நானும் இறங்கினேன். கழியைத் தண்ணீரில் ஊன்றிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே. இரண்டு அடி தள்ளி ஊன்றினார். முழங்கால். என்னைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, கையை நீட்டி மூன்றாவது முறை விட்டார். கழி இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது, ஆறடிக் கழியில் அவர் பிடித்திருந்த முழம்தான் வெளியே நின்றது. அதையும் தண்ணீர் பறிக்கப் பார்த்தது, விர்ரென்று அதிர்ந்தது. மேலே தண்ணீரில் ஒரு சுழி கூட இல்லை. ஒரு நெல் தோகை மெதுவாக மிதந்து போனது.

மதகுக்கு அடியில் குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் சுற்றிலும் மண்ணை அரித்து, மேலே தாரை மட்டும் கொஞ்ச நேரம் தாங்கி நிற்க வைத்து, பிறகு அதையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு நடந்தது என்றார். இரு பக்கமும் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள், எங்கள் பக்கத்து முள்ளைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

அரையடி ஓடுகிற தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும். ஒரு அடி இருந்தால் சின்னக் காரைத் தூக்கும், இரண்டு அடி அனேகமாக எந்த வண்டியையும் அடித்துக்கொண்டு போகும். இது எனக்குத் தெரியாத கணக்கில்லை, எத்தனையோ முறை படித்ததுதான். தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா என்ற கேள்விதான் எனக்குத் தோன்றவில்லை.

காரைப் பின்னுக்கு எடுத்தேன். சாலையோரம் ஊறிப் போயிருந்தது, பின் சக்கரம் இறங்கிவிட்டது. நான்கு பையன்கள் வந்து சாக்குப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். காரை நெல் காய வைக்கும் களத்தில் ஏற்றி நிறுத்தச் சொன்னார்கள், ஊரில் அதுதான் மேடு. வந்த வழியிலும் மழை பிடித்துக்கொண்டது. "இந்த மழையில அம்மாவ வச்சிக்கிட்டு எங்க போவீங்க? பள்ளிக்கூடத்துல இருங்க, ஊரே அங்கதான் இருக்கு" என்றார் அந்தக்கா. திருவாரூருக்கு போன் செய்தேன். தோழி அழுதார், அம்மாதான் தேற்றினார்.

பள்ளிக்கூடத்தில் அறுபது எழுபது பேர். தாழ்வான தெருவில் கூரை வீடுகள், முந்தின நாள் மாலையே வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார்களாம். ஒவ்வொருவரிடமும் ஒரு மஞ்சள் பை. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், மாத்திரை, எல்லாம் பிளாஸ்டிக் உறையில். சுவரில் கரியால் பெரிதாக 1077 என்று எழுதியிருந்தது, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண். மின்சாரத்தை ஊர்க்காரர்களே சொல்லி நிறுத்திவிட்டார்கள். கம்பத்தையும் ஸ்டே கம்பியையும் தொடாதே என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிழவி சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீரில் பாம்பும் மேடு தேடி வரும் என்பதால் வாசலில் இரண்டு பேர் டார்ச்சோடு.

ராத்திரிச் சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். அம்மா போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தார். "ஏனுங் அம்மிணி, அந்தச் சட்டிய இங்க குடுங்க" என்று கேட்டதும் அந்தப் பெண்களுக்குச் சிரிப்பு. பத்து நிமிடத்தில் எல்லோரும் அவரை "கோயமுத்தூர் அக்கா" ஆக்கிவிட்டார்கள். பவானி ஈரோட்டுப் பக்கம் என்று நான் திருத்தவில்லை.

"இன்னைக்குத் தேதி என்னான்னு தெரியுமா தம்பி?" என்று கழிக்காரக்கா கேட்டார். பதினாறு என்றேன். "கஜா அடிச்ச நாளு." 2018 நவம்பர் 16, விடியாத நேரத்தில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல். அன்று இவர் வீட்டுக் கூரை போனது, பதினெட்டு தென்னை விழுந்தது. முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டதால் ஆட்கள் தப்பித்தார்கள். "அதுலேருந்து யாரும் சொல்லணும்னு காத்திருக்கிறதில்ல. மாடி இல்லாத வீடா, மொத ஆளா கெளம்பிடுவோம்" என்றார்.

பதினோரு மணிக்கு ஆண்கள் கரைக்காவலுக்குக் கிளம்பினார்கள். நானும் போனேன். கரை உள்சரிவு, அடிவாரம் என்று டார்ச் அடித்துக்கொண்டே நடந்தார்கள். எலி வளையும் நண்டு வளையும்தான் உடைப்புக்கு ஆரம்பம். ஓரிடத்தில் அடிவாரத்தில் தண்ணீர் ஊறி வந்தது. ஒரு பெரியவர் குனிந்து உள்ளங்கையில் அள்ளி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். "தெளிவா இருக்கு, பரவால்ல. கலங்கி வந்தா கரை கரையுதுன்னு அர்த்தம்." அங்கே ஒரு சவுக்குக் கொம்பை அடையாளமாக நட்டுவிட்டு நகர்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து அதே இடம், மறுபடி உள்ளங்கை. இந்த முறை கலங்கல். ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். சவுக்குக் கட்டை அடித்து, வைக்கோல் வைத்து, மணல் மூட்டை அடுக்கி முடிக்க மூன்று மணி. பையன்கள் சிலருக்குப் பதினாறு வயதுகூட இருக்காது. நான் இருபது மூட்டை தூக்கியிருப்பேன், தோள் இன்னும் வலிக்கிறது.

நவம்பர் 17: அதே பள்ளிக்கூடம்

மழை நின்றது. தண்ணீர் நகரவில்லை.

வடிகால் பக்கம் போய்ப் பார்த்தோம். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பாலத்தடியில் கெட்டியாக அடைத்திருந்தன. வயிறளவு தண்ணீரில் நின்று அரிவாளால் அறுத்து இழுத்தார்கள், எல்லோர் இடுப்பிலும் கயிறு. "இதைச் சித்திரையில தூர் வாரியிருந்தா இப்ப இந்த நெலம இல்ல" என்று ஒருவர் கோபமாகச் சொன்னார். அந்தக் கோபம் நியாயம். சமதளமான ஊர், வாட்டம் மிகக் குறைவு. வடிகாலை அடைத்துவிட்டால் மழைத் தண்ணீர் எங்கே போகும்?

"அடைப்ப எடுத்தாலும் கடல் வாங்கணும் தம்பி" என்றார் நேற்றைய பெரியவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி இருந்தால் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீரை உள்ளே விடாது, எதிர்த்துத் தள்ளும். வற்றத்தில்தான் வடியும். பயிர் மூன்று நான்கு நாள் மூச்சு பிடிக்கும், அதற்கு மேல் அழுகிவிடும். இது இரண்டாவது நாள். அவர் ஏக்கருக்கு எவ்வளவு செலவு செய்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தெருக்கோடியில் ஒரு கடை திறந்திருந்தது. பால், ரஸ்க், மெழுகுவத்தி எல்லாம் அச்சிட்ட விலைக்கே கொடுத்தார். கையில் இருந்த பணத்துக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிப் போட்டேன். சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கப் பார்த்தபோது சமைத்தவர் முகம் மாறியது, உடனே பையில் வைத்துக்கொண்டேன். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுத்தார்கள், கைப்பம்பு மூழ்கியிருந்ததால்.

சாயங்காலம் பார்த்தபோது ஓரத்துக் கல்லில் ஈரக்கோடு நான்கு விரற்கடை இறங்கியிருந்தது.

நவம்பர் 18: திருவாரூர், பவானி

பெரிய சாலையில் மரத்தை அகற்றிவிட்டார்கள். கிளம்பும் முன் மதகைப் பார்த்துவிட்டு வந்தேன். சாலை மேல் தண்ணீர் வடிந்து ஓட்டை முழுதாகத் தெரிந்தது. ஒரு பக்கம் தார் உதடு போலத் தொங்கியது. அகலம் என் காரின் நீளத்தைவிட ஒரு முழம் அதிகம். இரு பக்கமும் சவுக்குக் கட்டை நட்டு, குறுக்கே சிவப்புச் சேலை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கழிக்காரக்காவின் சேலை அது.

அம்மா பித்தளைச் சொம்பை அவர் கையில் வைத்தார். அவர் வாங்க மாட்டேன் என்றார், அம்மா விடவில்லை. பதிலுக்கு ஒரு முறம் நிறைய முருங்கைக்கீரை வந்தது. திருவாரூரில் தோழி வீட்டில் அதைத்தான் சமைத்தோம். கரூர் தாண்டியபோது இருட்டு, ரோடு காய்ந்து கிடந்தது.

ஆறு நாள் கழித்து கழிக்காரக்காவிடமிருந்து போன். முதலில் அம்மாவைக் கேட்டார், பேசினார்கள். பிறகு நான் வாங்கி, பயிர் எப்படி என்று கேட்டேன்.

"மேலண்ட வயல் போச்சி தம்பி. கீழண்டையில முனை தெரியுது. யூரியா போட ஆள் தேடிக்கிட்டிருக்கேன்."